தொதலுக்கு உண்ணி பிடித்த கதை

விம்பிள்டன், இலண்டன்.
10 ஏப்ரல் 2025

பெருமதிப்புக்குரிய பாலேந்திரா அத்தான் அவர்களுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நான் இன்னும் எழும்பி நடமாடுகிறேன். பாரிஸ் குளிரில் உங்களுடைய முழங்கால் நோவும் குமுதினி அக்காவின் இருமலும் தணிந்திருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு எழுதுவது, உங்கள் மைத்துனன் கிருஷ்ணராசா. "தனியக் கிடந்து என்ன செய்யிறாய், இஞ்ச வந்து எங்களோட இரு" என்று நீங்கள் போனில் மூன்று தரம் கேட்டும் நான் ஒழுங்கான பதில் தரவில்லை. போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அக்கா அழுவா, இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க எனக்குத் தெம்பில்லை. ஆகவே எழுத்தில் தருகிறேன். நான் வர முடியாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு பாம்பு.

சந்திரவதனா கண்ணை மூடிய பிறகு வீடு பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறது என்று சொல்லி மகள் கோசிகா ஒரு பாம்பை வாங்கி வந்தது உங்களுக்குத் தெரியும். பாம்பு மட்டும் பேசுமா என்று நான் கேட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் மூன்றரை அடிக் குட்டி மலைப்பாம்பு. நஞ்சில்லை. மண்ணிறமும் கறுப்புமாக, ஊரில் கிண்டுகிற அந்த இனிப்பு மாதிரி மினுங்குவதால் தொதல் என்று பெயர் வைத்தாள். போன வருட மாசியில் வேலைக்குக் கிட்ட என்று சவுத்தாலில் அறை எடுத்துப் போனபோது, அங்கே வளர்ப்புப் பிராணி வைக்கக்கூடாதாம், "ரெண்டு மாசம் பாருங்கோ அப்பா" என்று என்னிடம் விட்டுப் போனாள். அந்த இரண்டு மாதத்துக்குள்தான் மிதுலன் என்ற பொடியனை எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்றைக்குப் போனில் நான் "எனக்கு மகள் இல்லை" என்று சொன்னேன். சொன்ன வாய் இதுதான் அத்தான், மறைக்க என்ன இருக்கிறது. மகள் போய்விட்டாள், பாம்பு மிஞ்சியது. பத்து மாதம் அதற்கு எலி வாங்கி, குளிர்பெட்டியில் விளைமீனுக்குப் பக்கத்தில் வைத்து, இளக்கிப் போட்டேன். நான் சைவமாக இருக்கும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அதற்கும் விரதம்.

மார்கழியில் எனக்குக் கெட்ட காலம் பிடித்தது. பழைய சாமான் சந்தையில் நடுவில் துளையுள்ள ஒரு மரக்கட்டையைக் கண்டேன். தொதல் ஒளிந்து படுக்க நல்லது என்று வாங்கி வந்து, கழுவாமல் அப்படியே பெட்டிக்குள் வைத்தேன். மூன்று கிழமையில் பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வருவதில்லை. பகலும் தண்ணீருக்குள், இரவும் தண்ணீருக்குள். அதற்கும் மனத்தாங்கல் என்று நினைத்து நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். கிண்ணத்தில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. என் ரசத்து மிளகுத்தூள் பறந்து விழுந்ததாக்கும் என்று தண்ணீரை மாற்றினேன். அடுத்த நாள் மிளகுத்தூள் என் கைமேல் ஏறி நடந்தது. உண்ணி! நாய் உண்ணி மாதிரிப் பெரிதில்லை, ஊசிமுனை அளவு, பாம்பின் செதிலுக்குக் கீழே புகுந்து இரத்தம் குடிக்கிறது. நான் என்ன செய்தேன்? ஊரில் எல்லாவற்றுக்கும் பூசுகிற வேப்பெண்ணெயைத் தலையிலிருந்து வால்வரை பூசினேன். எண்ணெய் பூசிய பாம்பைப் பிடிக்க முடியாது என்பது பூசிய பிறகுதான் விளங்கியது. கையிலிருந்து வழுக்கி, ஹீற்றருக்குப் பின்னால் போய், இரண்டு மணித்தியாலம் வெளியே வரவில்லை. நான் நிலத்தில் குப்புறப் படுத்து "வா ராசா, வா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது மேல்மாடிக் கனகவல்லி அன்ரி கோயில் பிரசாதத்தோடு உள்ளே வந்தா. என் முழங்கையில் உண்ணி கடித்த சிவப்புத் தடிப்புகளையும் கண்டா. அடுத்த வெள்ளி கணபதி கோயிலில் அர்ச்சனைக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு பேர் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது.

கடைசியில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். சின்னப் பிள்ளை, கண்ணாடி போட்டவ, எண்ணெயைக் கண்டதும் முகம் கறுத்துப் போனா. இரத்தம் குறைந்து நோஞ்சானாகிவிட்டது, இன்னும் விட்டால் சாகும் என்றா. கட்டையை எறி, பெட்டியைச் சுடுதண்ணீரில் மூலைமுடுக்கெல்லாம் உரஞ்சு, அடியில் வெள்ளைக் கடுதாசி விரி, அதில்தான் உண்ணி தெரியும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டு, அவ தரும் மருந்தைத் துணியில் நனைத்துக் கண்ணிலும் வாயிலும் படாமல் துடை. முட்டைகள் வெடிப்புகளில் கிடந்து பொரித்துக்கொண்டே இருக்கும், ஆகவே கிழமைக்குக் கிழமை செய்ய வேண்டும். இனிமேல் எந்தக் கட்டையையும் சுத்தம் செய்யாமல் உள்ளே வைக்காதே, புதுப் பாம்பு வந்தால் சில மாதம் வேறாக வை என்றும் சொன்னா. புதுப் பாம்பாம்! கடைசியாக, "துடைப்பதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பிடிக்க, ஒருவர் துடைக்க. வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டா. நான் மருந்துக்குக் காசைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன் அத்தான். பாம்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து கோசிகாவுக்குப் போன் எடுத்தேன். பத்து மாதத்துக்குப் பிறகு.

"கோசிகா, தொதலுக்கு உண்ணி."



"தண்ணிக்குள்ளயே கிடக்குதோ?"

"ஓம்."

"கண்ணைச் சுத்திக் கறுப்பாக் கிடக்குதோ?"

"ஓம் பிள்ளை."

"சனிக்கிழமை வாறன்."

வந்தாள். மேலங்கியைக் கழற்றவில்லை, தேத்தண்ணி வேண்டாமென்றாள். நான் தலையைப் பிடிக்க அவள் துடைத்தாள். முதல் இரண்டு சனியும் உண்ணியைத் தவிர வேறு கதையில்லை. மூன்றாம் சனி துணிந்து, "அண்டைக்கு நான் போனில சொன்னது..." என்று தொடங்கினேன். "அப்பா, தலையை ஒழுங்காப் பிடியுங்கோ" என்றாள். பிடித்தேன். அவள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள், பாம்பின் தோளை, அதற்குத் தோளே இல்லை, நான் என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஐந்தாம் சனி குசினியில் நின்றபடியே கத்தரிக்காய்க் குழம்போடு இரண்டு வாய் சோறு சாப்பிட்டாள். "அம்மா வச்ச மாதிரி இல்லை" என்றாள். மிதுலன் வெளியே காருக்குள் இருந்தான். அவனுக்குப் பாம்பென்றால் பயமாம். நான் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் காருக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியை இரண்டு அங்குலம் மட்டும் இறக்கி, "பாம்பு உங்களிட்டயா இருக்கு, அங்கிள்?" என்று கேட்டான். வெறுங்கையைக் காட்டிய பிறகுதான் வாங்கினான்.

இப்படி நாள் போகிறது. எனக்கு அறுபத்தெட்டு. இந்தச் சாதிப் பாம்பு முப்பது வருடம் இருக்குமாம், இதற்கு வயது இரண்டு. கணக்குப் பார்த்தால் யார் யாரை அடக்கம் செய்வது என்று தெரியவில்லை. சனியும் வருகிறது, உண்ணியும் தீர்ந்தபாடில்லை, முடிவில்லாத தரித்திரம். இந்த நிலையில் பாம்பையும் விட்டு, வீட்டையும் பூட்டி, நான் எப்படிப் பாரிஸ் வருவது? அக்கா எனக்கென்று ஒழுங்காக்கிய அறையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கோ. மனம் நோக வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் நோய்நொடி அண்டாமல் இருக்க எல்லாம் வல்ல பிள்ளையாரை வேண்டி அமைகிறேன்.

இப்படிக்கு, பணிவன்புள்ள
கிருஷ்ணராசா

பி.கு.: அத்தான், உங்களுக்குப் பொய் எழுதி அனுப்ப மனம் வரவில்லை. தொதலுக்கு உண்ணி இல்லை. ஒரு மாதத்துக்கு முந்திய புதன்கிழமை நான் தனியே கொண்டுபோய்க் காட்டினேன். வைத்தியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒன்றுகூட இல்லை, மருந்தை நிறுத்து என்றா. கோசிகாவிடம் மருந்தை மட்டும் நிறுத்தச் சொன்னதாகச் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான்கு சனி, சுகமான பாம்பை இரண்டு பேரும் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறோம். இன்று காலை வேறு அலுவலாக வைத்தியசாலைக்குப் போன் எடுத்தபோது அங்கே இருந்த பிள்ளை சொன்னது: பாம்பு கோசிகாவின் பெயரில் பதிந்திருப்பதால், அந்தப் புதன்கிழமை அறிக்கையை அன்றைக்கே அவளுக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்களாம். போன சனி அவள் ரோர்ச் வெளிச்சம் அடித்துத் தொதலின் நாடிக்குக் கீழே வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஒண்டு ஓடின மாதிரிக் கிடக்கு அப்பா, வாற சனியும் பாப்பம்" என்றாள்.