சித்தியின் ரோல்ஸ் பெட்டியில் மூன்று நாலு

அநியாயம் நடந்தது எனக்கு. செய்தது என் சொந்தச் சித்தி. இணைய முகவரி ஒன்று வாங்கித் தா என்றார், வாங்கிக் கொடுத்தேன். அதற்கு நன்றியாக, ஊர் பேர் தெரியாத ஒருவருடைய பிறந்தநாள் விழாவில் என்னைக் குசினிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

நடந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

சித்தி ஒஸ்லோவில், வெஸ்ட்லியில் இருக்கிறார். முதியோர் இல்ல வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, ரோல்ஸ், கட்லெட், பற்றீஸ் செய்து ஓடருக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். கோடை விடுமுறைக்குள் வியாபாரம் பிடிபடாவிட்டால் பழையபடி முழுநேர வேலைக்கே திரும்புவது என்று தனக்குத் தானே கெடு வைத்திருந்தார். ஆகவே விளையாட்டில்லை.

"நீ செய்யவேண்டியது ஒண்டுதான் பிள்ளை. வெப்சைட்டுக்கு நல்ல முகவரி ஒண்டு எடுத்துத் தா."

சித்தியின் பெயர் சிவகாமசுந்தரி. கூட வேலை செய்கிற நோர்வேக்காரர் இத்தனை வருசத்துக்குப் பிறகும் "சிவா" வரைதான் வந்திருக்கிறார்கள்.

"எண்ணிலை எடுப்பம் சித்தி. எண் எண்டா எல்லாருக்கும் விளங்கும். ஒருத்தராலையும் பிழையா எழுதேலாது."

நல்ல யோசனை. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல யோசனை.

அப்போதுதான் சித்தப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அவருக்கு எண்சாத்திரம். கட்டடத்தில் அவருக்குக் கிடைத்த கார் தரிப்பிடத்தின் எண் எட்டு. எட்டு சனியின் எண் என்று, கூரை போட்ட அந்த அருமையான இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தாரைவார்த்துவிட்டு, மாரி முழுக்க வெளியில் நின்று கார்க் கண்ணாடியில் பனி சுரண்டுகிற மனிதர்.

"கூட்டினா எட்டு வரக்கூடாது. அஞ்சு வந்தா திறம். அஞ்சு புதன். வியாபாரத்துக்கு அவர்தான்."

"சனி பகவான் வெஸ்ட்லியிலை ஆர் ரோல்ஸ் விக்கினம் எண்டு பாத்துக்கொண்டே இருக்கிறார் சித்தப்பா?"

"பாக்கேல்லை எண்டா நல்லதுதானே. பிறகேன் நாங்களாக் கூப்பிடுவான்?"

நான் சட்டம் படிக்கிறேன். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தேடுகிறேன்.

விடுதிக்குத் திரும்பி, பொதுக் குசினியில் மடிக்கணினியைத் திறந்தேன். எட்டு உள்ள முகவரி எல்லாம் ஏற்கெனவே விற்றுப்போயிருந்தது, இல்லாவிட்டால் ஒஸ்லோவில் வீடு வாங்குகிற விலை. எனக்கு எட்டே தேவையில்லை. ஆனாலும் கோபம் வந்தது. காசு கொடுத்து எட்டை வாங்குகிறவர்கள் யார் என்று வாய்விட்டே கேட்டேன்.

"நாங்கள்தான்," என்றாள் லிங்.

லிங் பக்கத்து அறைக்காரி. தாய் தகப்பன் சீனாவிலிருந்து வந்தவர்கள், அவள் இங்கேயே பிறந்தவள். எங்கள் சண்டையெல்லாம் நோர்வே மொழியில் நடக்கும்.

"எட்டு எண்டா எங்களுக்குச் செல்வம்," என்று நூடில்ஸைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். "போன் நம்பர், கார் நம்பர், கலியாண நாள், எல்லாத்துக்கும் எட்டுத்தான் தேடுவினம். ஆறும் நல்லது. ஆனா நாலு இருக்கெல்லே..."

இந்த இடத்தில் குறுக்கிட்டேன். குறுக்கிடாமல் எப்படி இருப்பது? மூடநம்பிக்கை சந்தை விலையை எப்படிக் குழப்புகிறது என்று தொடங்கி, சித்தப்பாவின் பனிச் சுரண்டலை உதாரணம் காட்டி, பகுத்தறிவின் கடமை வரை போனேன். முடித்துவிட்டுப் பார்த்தால் லிங் சாப்பிட்டு, கோப்பை கழுவி, அறைக்குப் போயிருந்தாள்.

வாதத்தில் வென்ற சந்தோசத்தோடு திரையைப் பார்த்தேன். நாலு உள்ள முகவரிகள் சீண்டுவாரில்லாமல் மலிவாகக் கிடந்தன. உலகத்துக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு, நாலு, நாலு, ஒன்று, ஒன்று. கூட்டினால் பதினாலு. அதையும் கூட்டினால் ஐந்து. புதன்.

சித்தப்பா என் தலையைத் தடவினார்.

பெட்டிக்குச் சித்தி சிவப்பு நிறம் கேட்டார். வெள்ளைப் பெட்டியில் பெரிய கறுப்பு எண்தான் நாகரிகம் என்று வாதாடி அதிலும் வென்றேன்.

முதல் பெரிய ஓடரையும் நானே பிடித்துக் கொடுத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். லிங்கின் அப்பப்பாவுக்கு எண்பதாவது பிறந்தநாள். ஹவுகெட்டோவில் மண்டபம். வருகிறவர்கள் கையில் கொண்டுபோக ஆளுக்கொரு பெட்டி ரோல்ஸ்.

வாசல் மேசையில் நானே அடுக்கினேன், எண் எல்லாருக்கும் தெரியும்படி முன்பக்கம் திருப்பி. லிங்கின் அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு மாமி எழுந்துபோய், பிறந்தநாள்காரரின் கதிரையை யன்னல் பக்கம் திருப்பிவிட்டார்.

லிங் ஓடிவந்தாள். "நாலு எண்டா எங்களுக்குச் சாவு. கட்டடத்திலை நாலாம் மாடிக்குக்கூட அந்த எண்ணைப் போடமாட்டினம். நீ எண்பது வயசு மனிசனுக்கு மூண்டுதரம் எழுதிக் கொண்டந்திருக்கிறாய். அதுவும் வெள்ளையிலை கறுப்பாலை, செத்தவீட்டுக்குப் போடுற மாதிரி."

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வந்தனான். நீ கதைச்சுக்கொண்டிருந்தனி."

இது ஏற்கத்தக்க வாதமல்ல. எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பது மனிதர்தானே என்று மண்டபத்துக்கே கேட்கும்படி தொடங்கினேன். அந்த நேரம்தான் சித்தி என்னையும் பெட்டிகளையும் குசினிக்குள் தள்ளி, சித்தப்பாவோடு தானும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

லிங் கதவைத் திறந்து இரண்டு தடித்த கறுப்புப் பேனைகளை உள்ளே நீட்டினாள். "நாலை எட்டாக்குங்கோ. கெதியா."

சித்தி ஒன்றைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். அவருடைய கையெழுத்துத்தான் வடிவு.

"எட்டை நான் என்ரை கையாலை எழுதமாட்டன்."

"அவைக்கு அது நல்லது சித்தப்பா."

"அவைக்கு நல்லது. எழுதிறது ஆர்?" சொல்லிவிட்டு மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "இருபத்தாறு. ரெண்டும் ஆறும்... ஐயோ, கூட்டினாலும் எட்டு." எழும்பிப்போய்க் காருக்குள் இருந்துகொண்டார்.

சித்தி அந்தப் பேனையை எடுத்தார், மற்றதை என்னிடம் நீட்டினார். "சனி வந்தா வரட்டும். அவருக்கும் ஒரு ரோல்ஸ் குடுப்பம். நீ அடுக்கின்ரை மற்றப் பக்கத்தாலை எழுது."

மூன்று எட்டோடு பெட்டிகள் வெளியே போக, மண்டபம் மலர்ந்தது. லிங்கின் அப்பப்பா ஒரு பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் படம் எடுத்தார்கள்.

பிறகு, கைபேசியில் அந்த முகவரியைத் தட்டினார்கள்.

வந்தது எங்கள் பக்கம் இல்லை. யாரோ ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்த முகவரி. விலையைப் பார்த்த லிங்கின் மாமா ஒருவர் மிகுந்த மரியாதையோடு சித்தியிடம் கேட்டார்: "இவ்வளவு பெறுமதியான முகவரியை வைச்சுக்கொண்டு நீங்கள் ஏன் ரோல்ஸ் பொரிக்கிறியள்?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். சித்தி குசினிக் கதவைப் பார்த்தார். விட்டுவிட்டேன்.

அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரும் வேறு யாருடையதோ ஒரு முகவரியோடு வீட்டுக்குப் போனார்கள். சித்தியின் கோடை அந்தப் பெட்டிகளோடு போனதுபோல இருந்தது.

அடுத்த நாள் சித்திக்கு நீண்ட செய்தி ஒன்று அனுப்பினேன். கேட்டது எண், கொடுத்தது எண். ஐந்து வரவேண்டும் என்றது சித்தப்பா, வந்தது ஐந்து. பாதியில் நிறுத்தியது லிங். இதில் என் பிழை எங்கே? குசினிக்குள் பூட்டியதற்கு மன்னிப்பும் கேட்டிருந்தேன், அவர் கேட்கவேண்டும் என்று.

வாசித்த அடையாளம் உடனே விழுந்தது. பதில் மட்டும் வரவில்லை. ஒரு கிழமை முழுக்க மேல்முறையீட்டுக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வந்தது.

"எல்லாம் வாசிச்சனான். லிங்கின்ரை அம்மா போன் எடுத்தவா. வாற ஞாயிறு அவையின்ரை ஆக்கள் மூண்டு வீட்டுக்குக் கட்லெட் வேணுமாம். உருட்டக் கை காணாது. கையைக் கொண்டு வா. வாயை விடுதியிலை விட்டிட்டு வா."