அம்மன் காலடியில் என் பயண ஆவணம்

ஓர் அரசாங்க ஆவணத்தில் குங்குமம் பட்டால் அது ஆசீர்வாதமா, சேதமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

எனக்குக் கடவுச்சீட்டு இல்லை. அகதிகளுக்குக் கொடுக்கும் நீல நிறப் பயண ஆவணம்தான். அதை வைத்துக்கொண்டு இலங்கைக்குப் போக முடியாது. மற்ற நாடுகளுக்குப் போகலாம், அந்த நாடு விசா தந்தால். கணவருக்கும் மகளுக்கும் பிரித்தானியக் கடவுச்சீட்டு. கனடா போக அவர்களுக்கு விசா வேண்டாம், ஒரே பானைச் சோறு தின்னும் எனக்கு மட்டும் வேண்டும். ஏன் என்று கணவர் பலமுறை விளக்கினார். ஒவ்வொரு முறையும் விளங்கியதுபோலத் தலையாட்டினேன்.

டொரன்டோவில் தங்கைக்குக் கல்யாணம். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே வந்திருந்தார். என் கல்யாணத்தையும் காணாத, என் மகளை இன்னும் தூக்காத அம்மா. விசா தருகிறோம், ஒட்டுவதற்கு ஆவணத்தைக் கொண்டுவாருங்கள் என்று மின்னஞ்சல் வந்தபோது நான் அழுதேன். கணவரின் தாயார், என் மாமி, அழவில்லை. நாள் பார்த்தார்.

"குடுக்க முதல் அம்மன்ரை காலடியிலை ஒருக்கா வைச்செடு பிள்ளை. பிறகு ஒரு தடையும் வராது."

விசாதான் கிடைத்துவிட்டதே, இனி என்ன தடை என்று கேட்டிருக்கலாம். (மாமியிட்டைக் கேள்வி கேக்கிற ஆளே நான்?) வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோனேன். ஐயர் அர்ச்சனை செய்து, பூவோடும் தேசிக்காயோடும் பத்திரமாகத் திருப்பித் தந்தார். வீட்டுக்கு வந்ததும் மாமி எனக்குத் தெரியாமல் அதைத் திறந்து, என் படத்தின் நெற்றியில் குங்குமத்தைக் குழைத்து ஒரு பொட்டு வைத்தார். அந்தப் படத்தில் நான் வெறும் நெற்றியோடு இருந்தது அவருக்கு நெடுநாள் மனக்குறை.

விசா நிலையத்து வரிசையில் நிற்கும்போதுதான் அதைத் திறந்து பார்த்தேன். பதறிப்போய், மகளின் பையிலிருந்த வைப்ஸை, அந்த ஈரத் துடைப்புத் தாளை, எடுத்துத் துடைத்தேன். (அவளின்ரை முகத்திலை என்ன பட்டாலும் அதுதான் மருந்து.) குங்குமம் போகவில்லை, ஊர்வலம் போனது. நெற்றியில் தொடங்கி, பெயர், பிறந்த திகதி எல்லாம் கடந்து எதிர்ப் பக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது. நான் தேய்த்த வேகத்தில் படத்தின் மேலுறையும் ஓரமாகக் கிளம்பிவிட்டது.

கவுண்டரில் இருந்த பெண் அதை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு, "இது இரத்தமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லை, கடவுள்" என்றேன்.

அவள் மேலதிகாரியை அழைத்தாள். சேதமடைந்த ஆவணத்தில் விசா ஒட்ட முடியாது, புதியது எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். நாங்கள் வசிக்கும் மிச்சம் என்ற ஊர் வரும்வரை ட்ராமில் மகள் என் சிவந்த விரல்களைப் பிடித்துப் பிடித்துச் சிரித்தாள்.

புதிய ஆவணமும் விசாவும் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது கல்யாணம் முடிந்திருந்தது. அம்மா ஊர் திரும்பச் சில நாட்களே இருந்தன. விமான நிலையத்தில் திருநீறோடு என் நெற்றியை நோக்கிக் கையை நீட்டினார். ஆவணத்தைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் குனிந்தேன். அடுத்ததாக மகளைத் தூக்கியவர், வீடு போகும்வரை இறக்கவே இல்லை.

இப்போது எங்கள் வீட்டுக்கு எந்தப் புது அட்டை தபாலில் வந்தாலும் கணவர் சொல்வது ஒன்றுதான்: "முதல் அந்த வைப்ஸை ஒளியுங்கோ."

அந்தப் புதிய ஆவணமும் விரைவில் காலாவதியாகப் போகிறது. அடுத்தது எப்போது வரும் என்று மாமி கேட்கத் தொடங்கிவிட்டார். மறுக்கவும் பயம், கொடுக்கவும் பயம். உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்? பிளாஸ்டிக் உறையோடு காலடியில் வைத்தால் அருள் உள்ளே போகுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.