ஃபார்வேர்டு ஆன பூவரசு

ஏலாக்குளத்தில் கால்வாயின் குறுக்கே ஒரு பூவரச மரம் விழுந்துகிடந்தது. இந்த உண்மையில் அரசாங்கத்துக்கும் பொதுமக்களுக்கும் யாதொரு கருத்து வேறுபாடும் இருந்ததில்லை. ஆரல்வாய்மொழியில் காற்றாடிகளைச் சுற்றிவிட்டு மிச்சமிருந்த ஆடிக்காற்று இந்தப் பக்கம் வந்து மரத்தைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. மரத்தின் பின்னால் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் குப்பியும் வந்து அடைந்துகொண்டன. தண்ணீர் வழிமாறி ஓடைக்குள் ஓடியது.

மரத்துக்குக் கீழே முதல் வயல் குலசேகரனுடையது. கன்னிப்பூப் போகத்து நெல் பால் பிடிக்கிற சமயம். இப்போது தண்ணீர் இல்லையென்றால் கதிர் முழுக்கப் பதர்தான். வருஷம் பூராவும் வீட்டில் பொங்குகிற சோறு அந்த வயலில்தான் நின்றது. ஆகவே அவர் கோடாலியை எடுத்துக்கொண்டு கால்வாய்க்கரைக்குப் போனார். நாலு பேர் கைவைத்தால் அரை நாளில் தீர்கிற வேலை.

அடுத்த வயல்காரர் தாணுமாலயன் ஓடிவந்து கோடாலியைப் பிடித்துக்கொண்டார்.

"வே, கிறுக்கு புடிச்சிருக்கா உமக்கு? சர்க்கார் மரமாக்கும். ஒரு கொப்ப வெட்டினாலும் கேஸு. போட்டோ எடுத்து ஆபீசருக்கு அனுப்பும்."

குலசேகரன் போட்டோ எடுத்துக் கால்வாய் ஆபீஸ் இன்ஜினியர் ராஜகுமாருக்கு அனுப்பினார். உடனே ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அரசாங்கம் இத்தனை வேகமாக ஒரு விரலை அசைத்து அவர் பார்த்ததில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டார்.

விரல் வந்ததே தவிர, மரம் போகவில்லை. நேரில் போய்க் கேட்டார்.

"நடவடிக்கை எடுத்தாச்சே ஐயா," என்றார் ராஜகுமார். "ஃபார்வேர்டு பண்ணியாச்சு."

"எங்க சார்?"

"ஊராட்சிக்கு. தண்ணிதான் எங்களுது. மரம் ஊராட்சி ரோட்டோரம் நின்ன மரம். தண்ணிய அப்புறப்படுத்தணும்னா சொல்லுங்க, இப்பவே செய்யலாம்."

"அது தானாவே போயிட்டு சார்."

"பாத்தீங்களா, எங்க பக்கம் பாக்கி ஒண்ணுமில்ல."

ஊராட்சி ஆபீசில் செல்வதாஸ் என்ற கிளார்க் இருந்தார். சட்டம் தெரிந்தவர். "நிக்கும்போ அது எங்க மரம். விழுந்தா மரமில்ல, தடி. தலை எங்க கெடக்கோ அவங்களுக்குத்தான் தடி. தலை கோயில் நெலத்துல கெடக்கு. ஃபார்வேர்டு பண்ணிட்டேன்," என்றார்.

கோயில் ஆபீசில் மறுக்கவில்லை. தலையை ஏற்றுக்கொள்ளத் தயார், உடம்பிலிருந்து பிரித்துத் தந்தால் போதும் என்றார்கள். உடம்பு தண்ணீரில் கிடந்ததால், கால்வாய் ஆபீசுக்கே ஃபார்வேர்டு செய்தார்கள்.

குலசேகரனின் மகள் அஸ்வதி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். ராத்திரி சாப்பாட்டில் அவளிடம் கேட்டார்.

"மக்கா, இந்த ஃபார்வேர்டுன்னா என்னட்டி அர்த்தம்?"

"வந்தத அடுத்த ஆளுக்கு அனுப்புகது அப்பா."

"அனுப்பினவன் பெறவு என்ன செய்வான்?"

"அதோட அவன் வேலை தீந்துது."

"கிட்டினவன்?"

"அவனும் ஃபார்வேர்டு பண்ணலாம்."

குலசேகரனுக்கு இங்கிலீஷ் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. ஆபீசர் லீவு, சாவி இல்லை, அடுத்த வாரம் வாரும் என்று தமிழில் எத்தனை பாடுபட வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் ஒரே வார்த்தைக்குள் அடக்கிவைத்திருக்கிறான்.

மறுநாள் அவரே ஆரம்பித்தார். படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டார், விவசாயிகள் குரூப்பில் போட்டார், கடியப்பட்டணத்து மீன் வியாபாரி குரூப்பிலும் போட்டார். எல்லாரும் கும்பிட்டார்கள், எல்லாரும் அனுப்பினார்கள். ஆடி முடிவதற்குள் மஸ்கட்டிலிருந்து மருமகன்முறை ரதீஷ் அதே படத்தை அவருக்கே அனுப்பினான். 'மாமா, எந்த ஊரோ தெரியல்ல, பாவம். பத்துப் பேருக்கு அனுப்புங்க.'

அவரும் அனுப்பினார்.

பிறகு ஒருநாள் ராஜகுமாரே கூப்பிட்டார். குரலில் குளிர்ச்சி. "ஐயா, ஃபார்வேர்டு ஆனதுல நம்ம மரம்தான் மாவட்டத்துலயே முதலிடம். நாகர்கோவில்ல பயிலரங்கம், நீங்க கட்டாயம் வரணும்."

பயிலரங்கத்தின் தலைப்பு 'விரைந்து முன்னனுப்புதல்'. பூவரசு பெரிய திரையில் கிடந்தது. இந்தக் கோரிக்கை எந்த மேசையிலும் ஒரு பொழுதுகூடத் தேங்கவில்லை என்று பெரிய அதிகாரி புகழ்ந்தார். குலசேகரனுக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். தண்ணீர் வரவில்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அதற்குள் கைதட்டிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து அவருக்காக யாரும் கைதட்டியதில்லை. "எல்லாருக்கும் நன்றி," என்று சொல்லி உட்கார்ந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. வடையும் நன்றாக இருந்தது.

பொன்னாடையோடு ஊருக்கு வந்தவர் நேரே வயலுக்குப் போனார். மேல்வரப்புப் பக்கம் நெல் சருகாகியிருந்தது. கால்வாய்க்கரையில் தாணுமாலயன் கோடாலியோடு நின்றார். கூட நாலு பேர்.

"வே, நான் அண்ணைக்குத் தடுத்தது தப்பாப் போச்சு," என்றார் தாணுமாலயன். "கேஸு வந்தா வரட்டும். இப்பம் வெட்டினா பாதி நெல்லாவது வீடு சேரும். நீரு ஒரு வார்த்த சொல்லும்."

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். குலசேகரன் வயலைப் பார்த்தார். கோடாலியைப் பார்த்தார். தோளிலிருந்து நழுவிய பொன்னாடையை இழுத்துப் போட்டுக்கொண்டார். மாவட்டத்திலேயே முதலிடம் வந்த மரம் அது.

"நல்ல யோசனை வே," என்றார். "அத அப்படியே இந்த போன்ல சொல்லும். மேல ஃபார்வேர்டு பண்ணுதேன்."

தாணுமாலயன் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு போனில் சொன்னார். குலசேகரன் அதை எல்லாக் குரூப்பிலும் போட்டார். கரையில் நின்ற நாலு பேரும் அவரவர் போனை எடுத்துக் கட்டைவிரல் போட்டார்கள். அப்புறம் எல்லாரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள்.

தேங்கின தண்ணீரைக் குடித்துக் குடித்து, விழுந்துகிடந்த பூவரசு மட்டும் பச்சைப்பசேலென்று தளிர்விட்டிருந்தது. குலசேகரன் திரும்பி வந்து அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.