டப்பா செக்கிங்கின் வயிற்றுக்குள் ஒரு கேட்

அன்று பகல் சாப்பாட்டு வேளையில் தொழிற்சாலை கேட்டருகே நான் இருந்தேன், 'டப்பா செக்கிங்' இருந்தார், அவருடைய தயிர்சாதம் இருந்தது. டாக்டர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவரைப்போல ஒரு செக்யூரிட்டி பிறந்ததுமில்லை, பிறக்கப்போவதுமில்லை. பித்தளைத் துண்டு ஏதும் திருட்டுப் போகிறதா என்று, வெளியே போகும் ஒவ்வொரு சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்ப்பார். மேனேஜரின் கேரியரில் மிச்சமிருந்த சாம்பாரையும் கரண்டி விட்டுத் துழாவுவார். ஒருநாள் வேலை முடிந்து கிளம்பும்போது தன் டப்பாவையே திறந்து எட்டிப் பார்த்து, "சரி, போய்க்கினே இரு" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். விலங்கியல் படித்துவிட்டு அங்கே ஸ்டோர் கிளார்க். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் சோறு இறங்காது.

"அண்ணே, குடலோட உள்சுவர் பூரா காவல் செல்லுங்க இருக்கு. சாப்பாட்டை உள்ள விட்டுடும். அங்கேயே குடியிருக்கிற நல்ல கிருமியையும் ஒண்ணும் பண்ணாது. நோய்க்கிருமி வந்தா மட்டும் அடிக்கும்."

அவர் கை சோற்றிலேயே நின்றது. "இன்னா தம்பி சொல்ற! வயித்துக்குள்ளயும் நம்ம ஆளுங்க கீறானுங்களா?"

"கோடிக்கணக்குல."

"யூனிபார்ம் குட்த்துக்கீறாங்களா?"

சிலருக்கு அந்தக் காவலே புத்தி பிசகிச் சொந்தக் குடலை அடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சங்கு ஊதிவிட்டது. அவர் கேட்டுக்கு ஓடினார்.

அதற்குப் பிறகு சாப்பிடும்முன் வயிற்றைத் தட்டி, "அண்ணாத்தே, லோடு வருது, பாத்து வுடு" என்பார். எல்லோரும் சிரித்தோம். சில மாதங்களில் வயிற்றுவலி வந்தது. பிறகு பேதி, கூடவே ரத்தம். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன கேன்டீன்காரரிடம் என்னைக் கைகாட்டினார். "படிச்ச புள்ள சொல்லிக்கீது. உள்ள எவனோ திருட்டுப்பய மாட்டிக்கினான், செக்கிங் நடக்குது. நடுவுல மாத்திரை போட்டா நம்ம ஆளுங்களுக்கு இன்னா மரியாதை?"

என்னை ஒருவர் சாட்சிக்கு இழுக்கிறாரே என்று எனக்குப் பெருமை. அன்று சங்கு ஊதியதில் விட்டுப்போன மீதிப் பாதியை விழுங்கிவிட்டேன்.

ஒருநாள் கேட்டிலேயே சுருண்டு விழுந்தார். "கிருமியெல்லாம் இல்ல. இவர் உடம்போட காவலே குடலைப் புண்ணாக்கி அடைச்சிருக்கு. அந்தத் துண்டை வெட்டி எடுத்தாச்சு" என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். "முன்னாடியே வந்திருந்தா மருந்துலயே பாத்திருக்கலாம்."

கட்டிலருகே உட்கார்ந்து மீதிப் பாதியைச் சொன்னேன்.

வயிற்றுக் கட்டின்மேல் கை வைத்துக்கொண்டார். "அவனுங்களத் திட்டாத தம்பி. என்னிய மாதிரிதான். சொந்த டப்பாவையும் வுடல."

கிளம்பும்போது, நான் கஞ்சி கொண்டுபோன காலி டப்பாவை வாங்கித் திறந்து பார்த்துவிட்டுத்தான் என்னை அனுப்பினார்.

நான் விழுங்கிய ஒரு வரிக்கு எங்களுக்கு ஆன செலவு, அவர் குடலில் ஒன்றரை அடி.