அட்டைக்குப் பின்னால் உருண்ட பகடை

என் அம்மாவை நான் ஒரு முறை கொன்றிருக்கிறேன். அதைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். உடனே பிழைக்க வைத்தேன் பாருங்கள், அதைத்தான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு கதையாட்டம் பழகினேன். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார், பூதத்தை அனுப்புவார். அடி பட்டதா, தப்பியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். எண் பெரிதாக விழுந்தால் வெற்றி. ஆட ஆடப் பாத்திரத்தின் படி ஏறும், பலமும் ஏறும். எங்கள் குழுவில் கதை நடத்துவது நான்தான். (எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. நாலு பேரை உட்கார வைத்துப் பேசும் வாய்ப்பை விடுவேனா?)

தோழிகள் நிவேதாவும் ஷாலினியும் ஒகேனக்கல் பார்க்க வந்தார்கள். அன்று ஆற்றில் தண்ணீர் அதிகம், பரிசல் ஓடவில்லை. ஏரியூரில் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். மத்தியானம் ஆட்டத்தை விரித்தோம். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

நான் யாரைக் கூட்டி வந்தாலும் அம்மா உள்ளேயே இருந்துவிடுவாள். "படிச்ச புள்ளைங்க பேசறப்ப எனக்கென்னா வேல?" என்பாள். அன்று மட்டும், "நானும் ஆடட்டுமா?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தோழிகளுக்குச் சமமாக அம்மா உட்காரப் போகிறாள்!

"நீ யாரா வேணா இருக்கலாம்மா. ராணி, மந்திரக்காரி..."

"அதெல்லாம் எதுக்குடி? முனியம்மாவாவே இருக்கறேன். கையில ஒரு அருவா மட்டும் குடு."

புதுப் பாத்திரம், ஆகவே முதல் படி. எட்டு உயிர்ப்புள்ளி என்று எழுதினேன்; அடி பட்டு அது தீர்ந்தால் பாத்திரம் செத்துவிடும். தோழிகள் இருவரும் இரண்டு வருடமாக ஆடி ஒன்பதாம் படியில் இருந்தார்கள். இவர்களுக்குச் சமமான எதிரி எது? பொறியியல் படித்த மூளை கண நேரத்தில் கணக்குப் போட்டது. ஒன்பது, ஒன்பது, ஒன்று. சராசரி ஆறு சொச்சம். ஆறாம் படி மலைப்பூதம் ஒன்றை இறக்கினேன். (சராசரி ஆழம் முட்டளவு என்று கேட்டு ஆற்றில் இறங்குகிறவனுக்கும் எனக்கும் ஒரே மூளை.)

பலசாலிகள் முன்னால் நிற்பார்கள், அம்மா பின்னால் நின்று கல் எறிவாள் என்பது என் திட்டம். பூதம் வந்ததும் அம்மா சொன்னாள்:

"நீங்க ரெண்டு பேரும் பின்னால போங்க கண்ணு. நம்ம வூட்டுக்கு வந்த புள்ளைங்கள முன்னால வுட்டுட்டு நான் வேடிக்க பாக்கறதா?"

அருவாளோடு நேராகப் போனாள். பூதத்தின் பகடையை எல்லோர் முன்னாலும் உருட்டினேன். ஒரே அடி. பதினாலு புள்ளி போனது.

"என்னாடி, செத்துட்டனா?"

"ஆமாம்மா..."

கட்டிலில் படுத்திருந்த அப்பா, "வந்தவொடனே போயிட்டா" என்றார்.

"நல்லதாப் போச்சு. கொழம்பு தீஞ்சுடும்" என்று அம்மா எழுந்தாள். முகம் வாடவில்லை, சிரித்துக்கொண்டுதான் எழுந்தாள். நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. "இல்லம்மா, மயக்கந்தான்! பக்கத்துல மூலிகைச் சுனை இருக்குது!" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

என் குறிப்புகளை மறைக்கப் புடவைப் பெட்டியின் அட்டை மூடி ஒன்றை நிறுத்தி வைத்திருந்தேன். பகடையை அதற்குப் பின்னால் கொண்டுபோனேன். "உனக்கும் சேத்து நானே உருட்டறேம்மா." அதன்பிறகு அம்மா வீசியதெல்லாம் வெட்டு. பூதம் வீசியதெல்லாம் காற்றில். நிவேதா எனக்குக் கண்ணடித்துவிட்டு, வேண்டுமென்றே வாளைத் தவறவிட்டாள். கடைசி வெட்டுக்கு உருட்டினேன். "பத்தொம்பது! பூதம் செத்துச்சு!" தோழிகள் கைதட்டினார்கள்.

அம்மா தட்டவில்லை. அவள் எங்கள் தெருவில் தாயம் ஆடி யாரிடமும் தோற்காதவள். (இதை ஆட்டத்துக்கு முன்னால் நினைத்துப் பார்த்திருக்கலாம்.) தாயக்கட்டையை நடுவில், எல்லோர் கண்ணுக்கும் தெரியத்தான் உருட்டுவார்கள்.

"எனக்கு மட்டும் ஒருவாட்டி கூடத் தப்பலியே, எப்புடி?" என்றவள், கை நீட்டி அட்டையைத் தூக்கினாள்.

பகடையில் மூன்று.

"எனக்கு எழுத்துதான் தெரியாது. நம்பரு தெரியும். பஸ்ஸு நம்பரப் பாத்துத்தான ஏறறேன்."

அட்டையை என் மடியில் வைத்தாள்.

"செத்தவளாவே இருந்திருப்பன்டி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். தோழிகளுக்குக் குறையில்லாமல் பரிமாறினாள். ஆனால் நான் எத்தனை முறை கூப்பிட்டும் அந்த ஆட்டத்துக்கு அவள் மறுபடி உட்காரவேயில்லை.

பிறகு நிறைய யோசித்தேன். ஒன்பதாம் படி வாளுக்கு அடங்காத, காடும் கன்றுகாலியும் தெரிந்தவள் மட்டுமே தாண்டக்கூடிய ஒரு மலையை நான் வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவேயில்லை. முனியம்மாவுக்கு முதல் படி, எட்டு புள்ளி என்று எழுதிய கை வேறு யாருடையதும் இல்லை.

வீட்டில் அது வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. நான் எதையாவது பூசி மெழுகினால் அப்பாகூட, "அட்டைய எடு" என்பார். போன மாதம் அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு என் போனுக்கு வந்தது. கூப்பிட்டு, "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

"அட்டைய எடுத்துட்டுச் சொல்லு."

எடுத்தேன். "சர்க்கரை கூடியிருக்குதும்மா. மாத்திரை போடணும்."

"அப்புடிச் சொல்லு" என்றாள். "இனிமே நான் ஆடிக்கறேன்."