ஏழாவது வளைவு

கழுவுதொட்டிக்குள் கைவிட்ட மனைவி, டம்ளர் என்று நினைத்து வெளியே எடுத்தது ஒரு பிஸ்டன்.

"என்னங்க இது, பாத்திரத்தோட பாத்திரமா?"

"அப்படியே ஊறட்டும், விடு. பட்டறையில கழுவக் கொடுத்தா பென்ஷன்ல பாதி போயிடும்," என்றார் நூலகர். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் எல்லோருக்கும் அவர் நூலகர்தான்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன ஏழாவது வளைவால் வந்த வினை. கல்யாணமான மூன்றாம் வாரம், அப்பா கொடுத்த காரில் புது மனைவியைப் பக்கத்திலும், துணைக்கு வந்த கொழுந்தியாளைப் பின்சீட்டிலும் உட்கார வைத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினார். ஏழாவது வளைவில் கார் இருமியது, குலுங்கியது, நின்றே போனது. மூவரும் நாலு மைல் நடந்து இறங்கினார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரே திருப்பில் கிளம்பியது! அதன்பிறகு அவர் மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. காரும் கடைசியில் கொட்டகையில் முடங்கியது.

வீட்டுக்கு யார் வந்தாலும் மனைவி ஆரம்பித்துவிடுவாள். "புதுப் பொண்டாட்டியை நாலு மைல் நடக்க வச்ச மகராசன் இவருதான்!" வந்தவர்கள் சிரிப்பார்கள். முப்பத்தைந்து வருடமாக நூலகருக்குக் காது சிவக்கும். ஓய்வு பெற்றபின் ஒருநாள் மனைவியிடம் சவால் விட்டார்.

"அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்காம விடமாட்டேன். கல்யாண நாளன்னிக்கு வண்டி அந்த வளைவைத் தாண்டிடுச்சுன்னா, இனிமே நீ அந்தக் கதையைச் சொல்லவே கூடாது. சரியா?"

மனைவி ஏனோ மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். "ம், சரி," என்றாள் கடைசியில்.

கார்புரேட்டரைக் கழற்றினார், கோளாறு இல்லை. வால்வைப் பார்க்கலாமென்று மேல்மூடியைத் திறந்தார். ஒரு போல்ட் முறிந்தது. அதைப் பிடுங்க எஞ்சினையே இறக்கினார். இறக்கியதுதான் இறக்கினோம் என்று மொத்தத்தையும் பிரித்துவிட்டார். புத்தகங்களுக்கு எண் போட்ட கை சும்மா இருக்குமா? இருநூற்றுப் பன்னிரண்டு உருப்படிகள், ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதிய சீட்டு, கூடத்துத் தரையில் வரிசை வரிசையாக.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தியாள் வந்தாள். "அப்பப்பா, என்ன புழுக்கம்!" என்று மின்விசிறியைத் தட்டிவிட்டாள்.

அத்தனை சீட்டும் பறந்தன.

"ஐயையோ மாமா, கல்யாணச் சீட்டா?"

"என் கருமாதிச் சீட்டு!"

ஞாபகத்தை நம்பிப் பூட்டினார். செலவைக் குறைக்கக் காலண்டர் அட்டையை வெட்டி, கசியாமலிருக்க எஞ்சின் அடிமூடிக்குக் கொடுத்தார், கூடமெங்கும் ஆயில். கடைசியில் இரண்டு போல்ட் மிஞ்சின. லேத் பட்டறைக்காரர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மிஞ்சியதை மாட்டி, எஞ்சினைக் காரில் ஏற்றிக் கொடுத்தார்.

"கிளப்பும்போது மட்டும் இந்தச் சோக் குமிழை இழுங்க சார். கிளம்பினதும் உள்ளே தள்ளிடணும். இல்லேன்னா எஞ்சின் மூச்சு முட்டி நின்னுடும்."

கிளம்பியது. அதே பழைய உறுமல். அப்பாவே கொட்டகையில் நின்று தொண்டையைச் செருமியதுபோல் இருந்தது. நூலகர் அழுதேவிட்டார். ஆனாலும் மனசுக்குள் ஓர் உறுத்தல்: கோளாறு என்று எதுவுமே அகப்படவில்லையே!

கல்யாண நாள். மனைவி முன்சீட்டில் ஏறி, எதிரே நீட்டிக்கொண்டிருந்த குமிழில் கைப்பையை மாட்டினாள். சாட்சிக்குப் பின்சீட்டில் கொழுந்தியாள்.

மலை ஏற ஏற நூலகருக்கு அந்த நாள் திரும்ப வந்தது. கல்யாணமாகி மூன்று வாரம் "ம்", "சரி" தவிர ஒரு வார்த்தை பேசியிருப்பாரா? அப்படிக் கூச்சம். நடந்து இறங்கியபோதுதான், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியதிலிருந்து நாயைக் கண்டால் நடுங்குவதுவரை அத்தனையும் கொட்டினார். அவள் சிரித்துச் சிரித்து அங்கங்கே நின்றுவிட்டாள். இப்போதெல்லாம் இருவருக்கும் பேச்சென்றால் மருந்தும் மின்கட்டணமும்தான்.

ஆறாவது வளைவு தாண்டியது. "பார்த்தியா!" என்றார். மனைவி கைக்குட்டைக்காகப் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

ஏழாவது வளைவில் கார் இருமியது, குலுங்கியது, நின்றே போனது.

நூலகர் ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்தார். "போச்சு. எட்டு மாச உழைப்பு, எல்லாம் போச்சு."

"அதனால என்னங்க, இறங்குங்க. பேசிக்கிட்டே நடப்போம்," என்றாள் மனைவி. முகத்தில் துளி வருத்தமில்லை.

பின்சீட்டிலிருந்து கொழுந்தியாள் முனகினாள்.

"அக்கா, அன்னிக்கு மாமா வாயைத் திறக்கணும்னு சோக்கை இழுத்துப் பையை மாட்டி மறைச்சே, சரி. இன்னிக்குமா? என் முட்டி நாலு மைல் தாங்காது, அதை உள்ளே தள்ளிவிடு!"