இரண்டு மூட்டைக்கு ஏற்ற ஸ்பிரிங்

தேற்றாத்தீவு,
பங்குனி, 1997.

மரியாதைக்குரிய மச்சான் யோகராசா அவர்களுக்கு,

தேற்றாத்தீவிலிருந்து நல்லரத்தினம் வணக்கம் கூறி எழுதுவது. நானும் உங்கள் தங்கை சின்னத்தங்கமும் உங்கள் மருமகள் மங்கையற்கரசியும் உடம்பளவில் சுகம். வெள்ளவத்தையில் நீங்களும் மச்சாளும் அவ்வாறே இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறோம். உடம்பளவில் என்று நான் எழுதியது கைதவறி அல்ல.

சென்ற மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, நாட்டின் நிலைமையையும் நமது குடும்பத்தின் எதிர்காலத்தையும் நன்றாக ஆலோசித்து, எவருடைய தூண்டுதலும் இல்லாமல், உங்கள் மோட்டார் சைக்கிளின் முன் ஸ்பிரிங் இரண்டையும் மாற்றுவது என்று நான் தீர்மானித்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் கடிதத்தைக் கீழே வைப்பீர்கள் என்று தெரியும். தயவுசெய்து மீண்டும் எடுங்கள். ஏழு வருடத்துக்கு முன் நீங்கள் கொழும்புக்குப் புறப்பட்டபோது, பஸ்ஸில் ஒரு காலை வைத்தபடி, "மச்சான், வண்டியத் துடைங்க, ஓடுங்க, ஆனா ஒரு நட்டையும் கழட்டிராதீங்க" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அதை ஏழு வருடமும் வேதவாக்காக வைத்திருந்தேன். நீங்களும் மச்சாளும் கதிர்காமம், நுவரெலியா, அனுராதபுரம் என்று இலங்கையையே சுற்றிவந்த வண்டி அது. என் பராமரிப்பில் களுவாஞ்சிகுடிச் சந்தை வரை போய்வருவதையே சுற்றுலா என்று நினைத்துக்கொண்டு, ஆள் இருப்பதற்காகப் பக்கத்தில் பூட்டிய பெட்டியில் ஒரு சாக்கு வெங்காயத்துடன் கௌரவமாக வாழ்ந்து வந்தது. அதைக் கெடுத்தவன் நான்தான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மங்கையற்கரசிக்கு நீங்கள் பேசிவைத்த செட்டிபாளையத்துச் சம்பந்தம் பற்றி நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மாப்பிள்ளைக்குத் தபாற்கந்தோரில் வேலை. இந்தக் காலத்திலும் நாட்டில் நிற்கிறார். இரண்டு கால்களும் இருக்கின்றன. இப்படி ஒருவர் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை வயது இருபத்தொன்பதான பிள்ளையின் தகப்பனிடம்தான் கேட்க வேண்டும். பிள்ளைக்கும் பிடித்துவிட்டது. முத்திரை வாங்க அவள் தபாற்கந்தோருக்குப் போகும் தடவைகளைப் பார்த்தால், நாங்கள் உலகம் முழுவதற்கும் கடிதம் எழுதுகிறோம் என்று எவரும் நினைப்பார்கள். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. நம் பக்க வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டில்தானே இருக்கப் போகிறார். மகன் இருக்கப்போகிற வீட்டைத் தாய் வந்து பார்த்து ஓம் என்று சொல்லவேண்டும். மாப்பிள்ளையின் தாய் சீதேவிப்பிள்ளை அக்காவுக்கோ பல வருடமாக இடுப்பு நோவு. பஸ்ஸில் ஏறமாட்டா. உங்கள் வண்டியைப் பற்றிச் சொல்லி அனுப்பினேன். "அந்தப் பெட்டிக்குள்ள ஒருக்கா இருந்தவதான் நான். மறுகா மூணு நாள் எழும்பல்ல" என்று பதில் வந்தது.

ஆகவே வண்டியைக் காத்தான்குடிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஆதம்பாவாக் காக்கா என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார். வண்டியின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமத்தி விட்டார். அது கீழே போயிற்று. மேலே வருவதற்கு யோசித்தது.

"மனேஜர், பாத்தீங்களா? கிழவன் பாயில இருந்து எழும்புற மாதிரியெல்லவா எழும்புது. ஸ்பிரிங் மவுத்தாப் போய்த்து. பள்ளத்தில விழக்குள்ள அடி நேர இருக்கிற ஆள்ட இடுப்புக்குத்தான் போகும்."

"என்ன செய்யலாம், காக்கா?"

"கெட்டி ஸ்பிரிங் போட்டு, குழாய்க்குள்ள தடிப்பான எண்ணெய் ஊத்தினாத் தொட்டில் மாதிரிப் போகும். ஆனா ஒண்டு. பெட்டிக்குள்ள வாற ஆள்ட பாரத்தச் செல்லுங்க."

"அதெப்படிக் காக்கா கேட்கிறது? அவ சம்பந்தியம்மா."

"கேக்காமப் போட்டா உங்கட பாடு. பாரம் கூடினா ஸ்பிரிங் அடிக்கும். குறைஞ்சாத் துள்ளும். அவ வானத்தில, பெட்டி றோட்டில."

மச்சான், நான் செய்த பிழை இங்கேதான் தொடங்குகிறது. கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் முப்பது வருடமாக மனேஜராக நெல் மூட்டைகளைப் பார்த்து வருபவன் நான். தராசு பழுதான நாட்களில் கண்ணால் பார்த்தே நிறையைச் சொல்லியிருக்கிறேன். ஒரு வெள்ளாண்மைக்காரனும் சண்டைக்கு வந்ததில்லை. கண்ணை மூடிச் சீதேவிப்பிள்ளை அக்காவை மனதில் நிறுத்தினேன். ஒன்றேமுக்கால் மூட்டை என்று வந்தது. சம்பந்தியாகப் போகிறவவைக் கால் மூட்டை குறைவாகச் சொல்வது மரியாதையில்லை என்று பட்டது. இரண்டு மூட்டை என்றேன். மரியாதைக்காக ஒரு பெண்ணின் பாரத்தைக் கூட்டிச் சொன்ன முதல் மனிதன் நான்தான் என்று சின்னத்தங்கம் பிறகு சொன்னாள்.

ஸ்பிரிங் போட்டாயிற்று. இரண்டு மூட்டை ஏற்றி, அவ வரப்போகிற றோட்டிலேயே ஓடிப் பார்க்கச் சொன்னார் காக்கா. ஏற்றினேன். ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்துக் கட்டினேன். நெல் சிந்தாமலிருக்கச் சின்னத்தங்கத்தின் பழைய நீலச் சீலையால் சுற்றினேன். தூரத்திலிருந்து பார்த்தால் முக்காடிட்ட ஒரு பெண் சற்றுக் கோபமாக உட்கார்ந்திருப்பது போலிருந்தது. இதை நான் அப்போது கவனிக்கவில்லை. மாங்காட்டு வளைவிலுள்ள சோதனைச்சாவடிக்காரர்கள் கவனித்தார்கள்.

அங்குள்ள நடைமுறை உங்களுக்குத் தெரியும். தார்ப்பீப்பாய்க்கு இப்பாலேயே எல்லோரும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டும். நான் இறங்கினேன். பெட்டியிலிருந்தவ இறங்கவில்லை.

"அம்மா, எறங்கு!" என்றான் ஒரு சிப்பாய். அவ அசையவில்லை. "அம்மா! எறங்கு!" என்று இன்னும் உரத்துக் கத்திக்கொண்டு துவக்கைத் தோளிலிருந்து எடுத்தான். அவ அதற்கும் மதிக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற சனம் சைக்கிள்களைப் போட்டுவிட்டு றோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் குந்திவிட்டது. நான் இரண்டு கையையும் தூக்கி, "ஐயா, ஆள் இல்ல, நெல்லு, நெல்லு!" என்று கத்தினேன். ஒரு தடியால் முக்காட்டை விலக்கிப் பார்த்தார்கள்.

"நெல்லுக்கு ஏன் சாரி?" என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் பொய் சொல்லத் தைரியமில்லை; உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. தைரியமில்லாமை வென்றது. மகளின் கல்யாணம், வீடு பார்த்தல், இடுப்பு நோவு, ஸ்பிரிங், செட்டிபாளையத்துச் சீதேவிப்பிள்ளை அக்கா சமன் இரண்டு மூட்டை என்று கையாலும் வாயாலும் முழுவதையும் விளக்கினேன். விளங்கியதும் அவன் சிரித்த சிரிப்பை நான் எந்தச் சோதனைச்சாவடியிலும் கண்டதில்லை. மணல் மூட்டைக்குப் பின்னால் நின்றவர்களையும் கூப்பிட்டுச் சொன்னான். அவர்களும் சிரித்தார்கள். கானுக்குள் குந்தியிருந்த நம் ஆட்களும் எழுந்து, உயிர் தப்பிய மகிழ்ச்சியில் கூடுதலாகவே சிரித்தார்கள். அந்தக் கிழமை நான் ஓட்டிப் பார்க்கப் போன நேரமெல்லாம், "மூட்டை அம்மா சொகமா?" என்று விசாரித்தான். சுகம் என்று சொல்லிக்கொண்டே போனேன். வேறென்ன சொல்வது?

நல்ல நாள் பார்த்து, கடந்த ஞாயிற்றுக்கிழமை, செட்டிபாளையத்துக்குப் போய்ச் சீதேவிப்பிள்ளை அக்காவை ஏற்றினேன். பட்டுச் சீலை உடுத்து, கொண்டையில் பூ வைத்திருந்தா. பள்ளம் பள்ளமாகப் போனோம். வண்டி தொட்டில் போலத்தான் போயிற்று. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவ முகத்தைச் சுளிக்கவில்லை. "பறவாயில்ல மனேஜர், வண்டி திருந்தித்துது" என்று கூடச் சொன்னா. என் வாழ்க்கையில் நான் மகிழ்ச்சியாக இருந்த நேரங்களில் அந்த இரண்டு கட்டைத் தூரமும் ஒன்று. பிறகு வளைவு வந்தது.

அவ மரியாதையாக இறங்கி நடந்தா. நான் வண்டியைத் தள்ளினேன். அந்தச் சிப்பாய் பெட்டியைப் பார்த்தான், அவவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சொந்தக்காரரைக் கண்டவன் போல அவன் முகம் மலர்ந்தது.

"ஆ! மூட்டை அம்மா! இன்டைக்கி அம்மாவே வந்தாச்சு!"

"என்ன மூட்டை?" என்று அக்கா கேட்டா.

அவன் நல்ல பிள்ளை மச்சான், கெட்ட எண்ணமே இல்லை. இரண்டு விரலைக் காட்டினான். ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்குவது போலக் கையால் காட்டினான். முக்காடு போட்டுக் காட்டினான். கடைசியாக அவவைச் சுட்டிக்காட்டி, "சரி, சரி. ரெண்டு!" என்று என் கணக்குக்குச் சான்றிதழும் கொடுத்தான்.

அவ என் பக்கம் திரும்பினா.

"மனேஜர், என்ன நெல்லு? சம்பாவா, நாடா?"

முப்பது வருடப் பழக்கம், மச்சான். யாராவது என்ன நெல் என்று கேட்டால் வாய் தானாகவே பதில் சொல்லிவிடும். "நாடுதான் அக்கா" என்றேன். மலிவான நாட்டுக்குப் பதிலாக உயர்ந்த சம்பா என்றாவது சொல்லியிருக்கலாம் என்று இப்போது எண்ணி எண்ணி வெட்கப்படுகிறேன்.

அவ வந்த வழியே கிறுகிச் செட்டிபாளையத்தைப் பார்த்து நடந்தா. நான் வண்டியை முடுக்கிப் பின்னால் போனேன். இரண்டு மூட்டைக்குப் போட்ட ஸ்பிரிங், பெட்டி வெறுமையாக இருந்தபடியால், கல்லுக்குக் கல் துள்ளியது. "அக்கா, ஏறுங்க" என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் என் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. முன்னே பட்டுச் சீலையில் ஒரு பெண் விறுவிறென்று நடக்க, பின்னே அறுபது வயதான ஒருவன் தவளை போலத் துள்ளிக்கொண்டு போனதை மாங்காடு முழுவதும் வேலிக்கு வந்து பார்த்தது. அவவின் வாசற்கதவு என் முன் சில்லுக்கு முன்னால் சாத்தப்பட்டது.

வீட்டுக்கு வந்தேன். பலகாரமெல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னதும் சின்னத்தங்கம், "அண்டைக்கு மூட்டைக்கு உடுத்தின சீலை எண்ட சீலையா?" என்று மட்டும் கேட்டாள். அதை மடித்து என் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டாள். மங்கையற்கரசி அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. "அப்பா, எனக்கு எத்தின மூட்டை வரும்? வாற மாப்பிள்ளைமாருக்கு இப்பவே சொல்லி வைக்கலாம் எலுவா?" என்றாள். அழுதிருக்கலாம். அன்றிலிருந்து அவள் முத்திரை வாங்கப் போகவில்லை. முகம் பார்த்துப் பேசுவதும் இல்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். சங்கத்தில் நெல் நிறுக்க வருபவர்கள் என்னைத் தராசுக்குப் பக்கத்தில் கண்டதும் இருமுகிறார்கள்.

மச்சான், ஒரு தகப்பன் மகளின் வாழ்க்கையை எத்தனையோ விதமாகக் கெடுக்கலாம். ஸ்பிரிங்கினால் கெடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உங்கள் சொல்லுக்கு அக்கா மதிப்புக் கொடுப்பா. எனக்காக இல்லை, மருமகளுக்காக ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் மறுக்கமாட்டேன். உங்கள் பழைய ஸ்பிரிங் இரண்டும் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பத்திரமாக இருக்கின்றன. அவற்றையே திரும்பப் பூட்டி, வண்டியை நீங்கள் விட்டுப்போனபடியே லொறியில் கொழும்புக்கு அனுப்பிவைக்கிறேன். இனி உங்கள் வண்டியைத் தொடமாட்டேன். எந்த மனிதரையும் கண்ணால் நிறுக்கமாட்டேன். இது பிள்ளையார் மேல் சத்தியம்.

மச்சாளுக்கு என் பணிவான விசாரிப்பு. உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், என்னை மன்னிக்கும் மனத்தையும் கடவுள் தரட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிராமல் எழுதும்
க. நல்லரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் எழுதுகிறேன். அக்காவுக்கு ஒன்றும் எழுதவேண்டாம். நேற்றுக் காலை மீன் லொறியின் முன் சீட்டிலிருந்து சீதேவிப்பிள்ளை அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நம் வாசலில் இறங்கினா. நான் பின் வேலியால் சங்கக் களஞ்சியத்துக்கு ஓட வழி பார்த்தேன்.

"மனேஜர், ஓடாதீங்க. இந்த லொறி எண்ட இடுப்ப முறிச்சுப்போட்டு. அண்டைக்கு உங்கட பெட்டிக்குள்ள இருந்து வந்தன், கோவத்தில அவ்வளவு தூரம் நடந்தும் போனன். ஊட்ட போய்ப் படுத்தாப்போலதான் பாக்கிறன், ஒரு நோவும் இல்ல."

வீட்டைப் பார்த்தா. அறை அறையாகப் பார்த்தா. பலகாரம் சாப்பிட்டா. மருமகளைப் பக்கத்தில் இருத்தித் தலையைத் தடவினா. பிறகு முற்றத்தில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னா:

"அவன் இனி இஞ்சதான இரிப்பான். அவனப் பாக்க நான் எதில வாற? மீன் லொறியிலயா? எண்ட மகன நீங்க எடுங்க. வண்டிய எனக்குத் தாங்க."

வண்டி என் மச்சானுடையது என்று சொன்னேன். "அண்ணன் ஒண்டும் சொல்லமாட்டாரு" என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டாள். மங்கையற்கரசி என் முகத்தைப் பார்த்தாள்.

முகூர்த்தம் வைகாசியில். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இளக்கவேண்டுமா என்று ஆதம்பாவாக் காக்காவைக் கேட்டேன். பாரம் சரியாக இருந்தபடியால்தான் நோகவில்லை, கை வைக்காதீர்கள் என்றார். இதை வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது உங்கள் மருமகளின் உத்தரவு.

வண்டி நேற்றுப் பின்னேரத்திலிருந்து செட்டிபாளையத்தில் நிற்கிறது.